இடித்தது டிரைவர்... போனது ஓனரின் போனஸ்!

தாம்பரம் பக்கம் கார் வைத்திருக்கும் பல வீடுகளில் ஒரு 'ஆக்டிங் டிரைவர்' போன் நம்பர் கட்டாயம் இருக்கும். திண்டிவனத்தில் கல்யாணம், மீனம்பாக்கத்தில் விமானம் என்றால் வந்து ஓட்டிவிட்டு, அன்றைய கூலியை வாங்கிக்கொண்டு போவார். ஜி.எஸ்.டி. ரோட்டில் அவர் ஒரு பஸ்ஸின் பின்னால் இடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பம்பர் காலி. க்ளெய்ம் போட்டால் பணம் வரும். ஆனால் அடுத்த வருடம் 'நோ க்ளெய்ம் போனஸ்' பூஜ்யம்! ஓட்டியவருக்கு ஒன்றுமில்லை, வீட்டில் உட்கார்ந்திருந்த ஓனருக்குத்தான் நஷ்டம். இது என்ன நியாயம்? பதில் பழைய கதையில் இருக்கிறது.

பிரிட்டனில் வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டாயமானது 1930-ம் வருடச் சட்டத்தால். அதைப் பின்பற்றி இங்கே 1939-ல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. இன்சூரன்ஸ் கட்டாயமானது 1946-ல். ஆனால் ஒரு விஷயத்தில் பாதை பிரிந்தது. அங்கே ஓட்டுபவர்களின் பெயர்களைப் பாலிசியில் எழுதி, அவர்களின் வயது, பழைய விபத்துகளைப் பார்த்து பிரீமியம் போடுவார்கள். இங்கே ஓனர் அனுமதியும் செல்லுபடியாகும் லைசென்ஸும் இருந்தால் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். மச்சான், சம்பள டிரைவர், பக்கத்து வீட்டுக்காரர் என்று கை மாறும் நம்மூர் கார்களுக்கு இது வசதிதான். ஆனால் டிரைவர் பெயரில் கணக்கே இல்லை என்பதால், எல்லாமே ஓனர் கணக்கில் விழுகிறது.

1973-ல் பொதுக் காப்பீடு தேசியமயமாகி, சென்னையின் யுனைடெட் இந்தியா உட்பட நான்கு கம்பெனிகள் மிஞ்சின. கட்டணத்தை டாரிஃப் கமிட்டி நிர்ணயித்தது. எங்கே போனாலும் ஒரே ரேட்! 1.7.2002-ல் வந்த புதிய டாரிஃப்தான் இன்றைய ஏணியைப் போட்டது: 20, 25, 35, 45, 50 சதவீதம். அதற்கு முன் 65 வரை கூட இருந்தது. அந்தப் பழைய ஆட்களுக்கு மட்டும், முதல் க்ளெய்ம் வரும்வரை சலுகை தொடரட்டும் என்று விட்டுவைத்தார்கள்.

இப்போது கொஞ்சம் காமர்ஸ். கார் சேதத்துக்கான பிரீமியம் 10,000 ரூபாய், போனஸ் 50 சதவீதம் என்றால் கட்டுவது 5,000. ஒரே ஒரு க்ளெய்ம் போட்டால், அடுத்தடுத்த வருடங்களில் 10,000, 8,000, 7,500, 6,500, 5,500... பிறகுதான் மறுபடி 5,000. கூடுதல் செலவு மொத்தம் 12,500 ரூபாய்! (காரின் மதிப்பு வருடா வருடம் குறைவதால் நிஜத்தில் கொஞ்சம் கம்மியாகும்.) ஆக, 6,000 ரூபாய் பம்பருக்கு க்ளெய்ம் போடுவது நஷ்டக் கணக்கு. ஆக்டிங் டிரைவரும் ஓனரும் ரோட்டோரம் நின்று ஆளுக்குப் பாதி என்று பேரம் பேசுவது இதனால்தான்.

இன்னொன்று, போனஸ் ஆளுக்குச் சொந்தம், காருக்கு அல்ல. காரை விற்றால் வாங்கியவருக்குப் போகாது; விற்றவர் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டு மூன்று வருடத்துக்குள் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். ஓனர் இறந்தால் மனைவி, பிள்ளை, பெற்றோருக்குப் போகும்.

2007-ல் டாரிஃப் கட்டுப்பாடு தளர்ந்தது, ஏணி அப்படியே நின்றது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரத்தில் நிறுத்தியிருந்த கார்களே மூழ்கின. டிரைவர் சீட்டில் யாருமே இல்லை. அப்படியும், போனஸ் பாதுகாப்பு ஆட்-ஆன் எடுக்காமல் க்ளெய்ம் போட்டவர்களுக்கு அடுத்த ரின்யூவலில் பூஜ்யம்தான்.