அடிஷாம் துறவற மடம், அப்புத்தளை

பதுளை மாவட்டத்தில், அப்புத்தளைப் பட்டினத்துக்கு மேற்கே ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தொலைவில், தங்கமலைச் சரணாலயத்தை ஒட்டி நிற்கும் புனித ஆசீர்வாதப்பர் மடம். வெள்ளைக்காரத் துரை ஒருவரின் மாளிகையையும் தளபாடங்களையும் நூலகத்தையும் துறவிகள் பேணி வருவது இதன் சிறப்பு.

மடத்துக்குரிய சில்வெஸ்திரின் சபை இத்தாலியில் 1231இல் தோன்றி, 1845இல் இலங்கைக்கு வந்தது. கண்டியின் முதல் ஆயர் கிளெமெந்தே பஞ்ஞானி இச்சபையினரே.

மாளிகையைக் கட்டியவர் சேர் தோமஸ் லிஸ்டர் வில்லியர்ஸ் (1869–1959). பிரித்தானியப் பிரதமராயிருந்த ஜோன் ரசல் பிரபுவின் மகள் வயிற்றுப் பேரன். 1887இல் இலங்கைக்கு வந்து தோட்டத் தொழிலில் இறங்கியவர், பிற்பாடு கொழும்பு ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனியின் தலைவரானார். கென்ட் பகுதியில் தாம் பிறந்த அடிஷாம் கிராமத்தின் பெயரையே 1931இல் எழுந்த வீட்டுக்கும் இட்டார். கொழும்பு வணிகம் பற்றி 1940இல் அவர் வெளியிட்ட 'மேர்கண்டைல் லோர்' இன்றும் ஆய்வாளருக்கு உதவும் மூலநூல்.

சுவர்கள் கருங்கல், கல்லை அங்கேயே கையால் கொத்தினார்கள். கதவு, சன்னல், தரை எல்லாம் பர்மாத் தேக்கு. கென்ட்டிலுள்ள லீட்ஸ் கோட்டையின் சாயலில் கட்டப்பட்டது என்று பயண நூல்கள் கூறும். லீட்ஸ் நீர் சூழ நிற்பது, அடிஷாம் மலைவிளிம்பில் நிற்பது. ஆகவே ஒப்புமையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வடிவமைத்தோர் பூத், வெப்ஸ்டர் என்ப. கல் கொத்தியவர்கள் பெயரை இந்நூல்கள் சொல்வதில்லை.

அவர்கள் தோட்டத் தொழிலாளராயின், அப்பெயர்களைத் தேடுவோர் தோட்டத்துச் செக்ரோல் என்னும் வரவுப் பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும். பெரட்டில், அதாவது காலை ஆள்கணக்கெடுப்பில், நின்று பேர் கொடுத்தவர்களின் ஒவ்வொரு நாள் வேலையும் அதில் பதியப்பட்டது. 1949ஆம் ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம், 1946 சனவரிக்கு முன் 7 ஆண்டு, மணமாகாதவராயின் 10 ஆண்டு, தொடர்ந்து இலங்கையில் வாழ்ந்ததற்குச் சான்று கேட்டபோது, இத்தகைய தோட்டப் பதிவுகளின் பெறுமதி பெரிது. ஆனால் துரையின் நூலகத்துக்கு வாய்த்த உலர்ந்த அலுமாரி இவற்றுக்கும் வாய்த்ததாகச் சொல்ல முடியாது. தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பெட்டிகளில் இருந்த பிறப்புப் பத்திரங்களின் கதி இன்னும் மோசம். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலும் மண் சரிந்தது.

வில்லியர்ஸுக்குப் பின் மாளிகை கைமாறி, 1961 அளவில் சபையிடம் வந்தது. 1972இல் அமைந்த பதுளை மறைமாவட்டத்தின் முதல் ஆயர் லியோ நாணயக்காரவும் இச்சபையினர். வார இறுதி, போயா, பொது விடுமுறை நாட்களில் வரவேற்பறையையும் நூலகத்தையும் மக்கள் பார்க்கலாம். ஏனைய பகுதி துறவிகளுக்கு உரியது. மடத்தார் தயாரிக்கும் ஜாம், பழப்பாகு வகைகள் வளவிலேயே விற்பனையாகின்றன.