சிக்னல் இல்லாத மலையிலும் பழைய மெயிலைத் திறக்கலாம்: தண்டர்பேர்டில் ஃபோல்டர்களைக் கையாள்வது எப்படி?

மூணாறு, பீர்மேடு பக்கம் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன தலைவலி. போடியிலோ கோவையிலோ உள்ள கல்லூரி அனுப்பிய சேர்க்கைக் கடிதம் மெயிலில் இருக்கும். அதை பிரிண்ட் எடுக்க வேண்டிய அன்றைக்குப் பார்த்து சிக்னல் போயிருக்கும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் நிலச்சரிவுகளால் மூணாறே துண்டிக்கப்பட்டுக் கிடந்தது நினைவிருக்கலாம்.

வீட்டில் ஒரு கணினி இருந்தால் இதற்கு வழி உண்டு. மெயில்களை இறக்கி கணினியிலேயே வைத்திருக்கும் மென்பொருள்தான் அது. அதில் ஒன்று தண்டர்பேர்ட். மொஸில்லா இதன் 1.0 பதிப்பை 2004 டிசம்பரில் வெளியிட்டது. காசு கிடையாது. விண்டோஸிலும் ஓடும், கேரள அரசுப் பள்ளிகளில் நம் பிள்ளைகள் பழகிய லினக்ஸிலும் ஓடும்.

எப்படித் தொடங்குவது?

பெயர், மெயில் முகவரி கொடுங்கள். ஜிமெயில் என்றால் கூகுளின் உள்நுழைவுப் பக்கமே திறக்கும், அங்கே பாஸ்வேர்டு போட்டால் போதும். ஐமேப், பாப் என இரண்டு முறைகள் காட்டினால் ஐமேப்பைத் தேர்வு செய்யுங்கள். அப்போதுதான் போனில் பார்ப்பதும் கணினியில் பார்ப்பதும் ஒன்றாக இருக்கும்.

பிறகு 'அக்கவுன்ட் செட்டிங்ஸ்' போய், 'சின்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்' பகுதியில் மெயில்களை இந்தக் கணினியில் வைத்திரு என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்க. அது இல்லாவிட்டால், சிக்னல் போனதும் தலைப்பு மட்டும் தெரியும், கடிதம் திறக்காது. முதல் தடவை முழுவதும் இறங்க நேரம் பிடிக்கும். நெட் நன்றாக இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

எந்த ஃபோல்டர் யாருடையது?

பலர் சறுக்குவது இங்கேதான். இடது பக்கம் உங்கள் முகவரியின் கீழே தெரியும் ஃபோல்டர்கள் சர்வரில் உள்ளவை. கணினியில் இருப்பது அவற்றின் நகல். இங்கே ஒரு மெயிலை அழித்தால் போனிலும் போய்விடும். அதற்கும் கீழே 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதில் உள்ளவை உங்கள் கணினியில் மட்டும்தான் இருக்கும்.

இடம் காலி செய்யலாமே என்று மெயிலை மேலேயிருந்து லோக்கல் ஃபோல்டருக்கு இழுத்துப் போட்டால், அது நகல் இல்லை, இடமாற்றம். சர்வரின் அந்த ஃபோல்டரில் இனி அது இருக்காது. பிறகு ஹார்டு டிஸ்க் கெட்டால் கடிதமும் போச்சு. முக்கியமான மெயில் என்றால் ரைட் கிளிக் செய்து, 'மூவ் டு' வேண்டாம், 'காப்பி டு' கொடுங்கள்.

ஜிமெயிலில் இன்னொரு குழப்பம். அதன் லேபிள்கள் இங்கே ஃபோல்டர்களாகத் தெரியும். ஒரே மெயில் இன்பாக்ஸிலும் 'ஆல் மெயில்' ஃபோல்டரிலும் நிற்கும். இரண்டு வந்துவிட்டதே என்று ஒன்றை அழித்துவிடாதீர்கள்.

இரண்டு மாநில மெயில்களைப் பிரிப்பது எப்படி?

கொழிஞ்சாம்பாறையில் வீடு, பொள்ளாச்சியில் படிப்பு என்று இருப்பவர்களுக்கு இது உதவும். முகவரியின் மேல் ரைட் கிளிக் செய்து 'நியூ ஃபோல்டர்' கொடுங்கள். 'கேரள அரசு', 'கல்லூரி' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். பிறகு 'மெசேஜ் ஃபில்டர்ஸ்' போய், அனுப்பியவர் முகவரியில் கேரளா டாட் கவ் டாட் இன் இருந்தால் முதல் ஃபோல்டருக்குப் போகட்டும் என்று விதி எழுதுங்கள். ஏற்கெனவே வந்து கிடக்கும் மெயில்களுக்கு 'ரன் நவ்' அழுத்த வேண்டும். அந்த மெயில்கள் போனிலும் இன்பாக்ஸை விட்டுப் புதிய ஃபோல்டருக்குப் போய்விடும், தேடித் திகைக்காதீங்க. ஃபில்டர் பிரித்து வைக்கும், அவ்வளவுதான். வந்தது அசலா போலியா என்று அது சோதிக்காது.

பொதுக் கணினியில் வைக்கலாமா?

கூடாது. அக்ஷயா மையத்திலோ பிரவுசிங் சென்டரிலோ உங்கள் கணக்கை இதில் சேர்த்துவிட்டு வந்தால், அடுத்து உட்காருபவர் பாஸ்வேர்டு இல்லாமலே எல்லாவற்றையும் படிக்கலாம். அங்கே பிரவுசரில் பார்த்துவிட்டு லாக் அவுட் செய்வதுதான் நல்லது.

வீட்டுக் கணினியில் இருப்பதற்கும் ஒரு நகல் வேண்டும். 'ஹெல்ப்' மெனுவில் 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' போனால் 'ப்ரொஃபைல்' ஃபோல்டரைத் திறக்கலாம். தண்டர்பேர்டை மூடிவிட்டு அதை அப்படியே பென்டிரைவில் காப்பி செய்யுங்கள். ஜூன் மழைக்கு முன்னால் ஒருமுறை செய்து வைத்துவிடுங்கள்.