ஒரே ஒரு தேர்தல் கண்ட தொகுதி

மனிதனுக்கு ஆயுள் உண்டு. மரத்துக்கும் மாளிகைக்கும் ஆயுள் உண்டு. தேர்தல் தொகுதிக்கும் ஆயுள் உண்டு என்பதை மட்டும் நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. மறைந்த தலைவருக்குச் சிலை வைக்கிறோம். மறைந்த தொகுதிக்கு யாரும் ஒரு கல்லைக்கூட நட்டு வைப்பதில்லை.

அப்படி மறைந்துபோன தொகுதி ஒன்றின் கதையைச் சொல்லப் போகிறேன். அதன் பெயர் சங்கரநயினார்கோயில். இன்று நாம் சங்கரன்கோயில் என்று சொல்லும் ஊருக்கு அக்காலத்துச் சர்க்கார் காகிதங்களில் இருந்த பெயர் அது. 1951-52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலுக்காக அந்தப் பார்லிமெண்டுத் தொகுதி பிறந்தது. 1957ஆம் ஆண்டுத் தேர்தல் வந்தபோது அது இல்லை. கண்டது ஒரே பொதுத் தேர்தல். அதில் டில்லிக்குப் போனவர் ஒருவர்: காங்கிரஸ் அபேட்சகர் எம். சங்கரபாண்டியன்.

சங்கரன்கோயிலுக்கு வடகிழக்கே, அந்தத் தாலுகாவைச் சேர்ந்த ஊராக இருந்தது திருவேங்கடம். திருமலையின் பெயரைத் தாங்கிய ஊர். ஆனால் மலை கிடையாது. மேற்கே குற்றாலத்துப் பக்கம் சாரல் விழும்போது, இங்கே கரிசல் மண் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில், டில்லி மத்திய சட்டசபைக்குப் பொதுப் பிரிவில் மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி மூன்று ஜில்லாக்களும் சேர்ந்து ஒரே தொகுதி. அதிலும் சொத்தோ வரியோ உள்ளவனுக்குத்தான் வோட்டு. கலப்பை பிடித்தவனுக்கும் களை எடுத்தவளுக்கும் டில்லி என்பது கேள்விப்பட்ட ஊர், அவ்வளவுதான்.

1952இல் அது மாறியது. இருபத்தொரு வயது நிரம்பிய எவரும் வாக்காளர். நாடு முழுவதும் 17 கோடிக்கு மேற்பட்ட பெயர்கள் பட்டியலில் ஏறின. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தாம் அதில் பெரும்பாலோர். ஆகவே தலைமைத் தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் ஒரு வழி செய்தார். ஒவ்வோர் அபேட்சகருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியின்மேல் ஒரு சின்னம். காங்கிரசுக்கு நுகம் பூட்டிய இரட்டைக் காளை, சோஷலிஸ்டுகளுக்கு ஆலமரம், கம்யூனிஸ்டுகளுக்குக் கதிர் அரிவாள். கொடுத்த சீட்டை வேண்டிய பெட்டியில் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். பண்ணையாரும் பண்ணையாளும் ஒரே திரைக்குப் பின்னால் போய், ஒரே அளவுள்ள சீட்டைப் போட்டுவிட்டு வந்தார்கள். கரிசல் சீமையில் அதற்கு முன் நடவாத காரியம் அது.

சங்கரநயினார்கோயில் ஒற்றை உறுப்பினர் தொகுதி. தொகுதிக்கு ஓர் உறுப்பினர்தானே, இதில் என்ன விசேஷம் என்று இக்காலத்து வாசகர்கள் கேட்கலாம். அந்த நாளில் எல்லாத் தொகுதிகளும் அப்படி இல்லை. 1952இல் லோக் சபைக்கு நேர்த் தேர்தலில் நிரப்ப வேண்டிய 489 இடங்களுக்கு 401 தொகுதிகளே இருந்தன. அவற்றில் 314 ஒற்றைத் தொகுதிகள். 86 இரட்டைத் தொகுதிகள். வங்காளத்தில் ஒன்றுக்கு மூன்று உறுப்பினர்.

இரட்டைத் தொகுதி எதற்கு? தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் பழங்குடியினருக்கும் சட்டசபைகளில் இடம் வேண்டும் என்பது ஏற்பாடு; தாழ்த்தப்பட்ட மக்களைப் பொறுத்தவரை அது 1932ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தத்திலிருந்து வந்தது. ஒரு தொகுதி முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கினால் மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். ஒதுக்காவிட்டால் அவர்களுக்கு இடமே கிடைக்காது. எனவே பெரிய தொகுதி ஒன்றை வகுத்து, பொது இடம் ஒன்று, ஒதுக்கிய இடம் ஒன்று என்று வைத்தார்கள். வாக்காளருக்கு இரண்டு வோட்டு. இரண்டையும் ஒருவருக்கே போடக் கூடாது.

சங்கரன்கோயிலுக்கு இந்த இரட்டைத் தத்துவம் புதிதல்ல. பாதி சிவனும் பாதி திருமாலுமாகச் சங்கரநாராயணர் ஒரே திருமேனியில் எழுந்தருளியிருக்கும் ஊர் அது. 1957இல் சென்னைச் சட்டசபைக்கு அந்த ஊர்த் தொகுதி இரண்டு பேரை அனுப்பவும் செய்தது. ஆனால் 1952இல் பார்லிமெண்டுக்கு மட்டும் ஒருவரே. அதுவும் பொது இடம். அந்த வட்டாரத்துச் சேரிகளில் இருந்தவர்கள் முதன்முதலாக வோட்டுப் போட்டார்கள்; தங்களுக்கென்று ஓர் இடம் டில்லியில் அந்தத் தொகுதி மூலம் அவர்களுக்கு இல்லை. வோட்டு கைக்கு வந்துவிட்டது, நாற்காலி வரவில்லை.

இதற்குள் நாட்டின் படமே மாறியது. 1953இல் ஆந்திரம் பிரிந்தது. 1952இல் குற்றாலத்துக்கு அருகிலேயே இருந்த செங்கோட்டைக்காரர்கள் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்து வாக்காளர்கள். 1956 நவம்பர் 1இல் அவர்கள் சென்னை ராஜ்யத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 75 உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்த சென்னைக்கு இப்போது 41 இடங்கள். எல்லைகளைப் புதிதாக வரைந்தார்கள். சங்கரநயினார்கோயில் என்ற பெயர் போய், தென்காசி என்ற பெயர் வந்தது. 1957இல் தென்காசியில் வென்றவர் யார் தெரியுமா? அதே சங்கரபாண்டியன்தான். வீட்டின் பெயர்ப் பலகை மாறியது, குடியிருந்தவர் மாறவில்லை.

பக்கத்து வீட்டில் நடந்தது வேறு. 1952இல் ஸ்ரீவில்லிபுத்தூரும் ஒற்றைத் தொகுதிதான். அங்கே வென்றவர் காமராஜ். 1957இல் அது இரட்டைத் தொகுதி ஆயிற்று. பொது இடத்துக்குப் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் வந்தார்; ஒதுக்கிய இடத்துக்குக் காங்கிரஸைச் சேர்ந்த ஆர். எஸ். ஆறுமுகம் வந்தார். இந்த ஆறுமுகம் என்ற பெயரை வாசகர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரட்டைத் தொகுதி பார்ப்பதற்கு நியாயமான ஏற்பாடுதான். நடைமுறையில் அது பல வேடிக்கைகள் காட்டியது. தொகுதி பெரிதானால் செலவும் பெரிது. ஏழை அபேட்சகர் பணக்காரக் கூட்டாளியை நம்பி நிற்கவேண்டும். ஒதுக்கிய இடத்துக்கும் எல்லாரும் வோட்டுப் போடுவதால், யார் வருவது என்பதைத் தாழ்த்தப்பட்ட மக்கள் மட்டும் முடிவு செய்வதில்லை. அரசியல் சட்டத்தை வகுத்த டாக்டர் அம்பேத்கரே 1952இல் பம்பாய் வடக்கு இரட்டைத் தொகுதியில், ஒதுக்கிய இடத்துக்கு நின்று காங்கிரஸின் கஜ்ரோல்கரிடம் தோற்றார் என்றால், வேறு என்ன சொல்வது!

1957இல் சக்கரம் மறுபுறம் சுழன்றது. ஆந்திரத்துப் பார்வதிபுரம் இரட்டைத் தொகுதியில் வி. வி. கிரி பொது இடத்துக்கு நின்றார். ஒதுக்கிய இடம் ஒரு பழங்குடி அபேட்சகருக்குப் போயிற்று. மிஞ்சியவர்களில் அதிக வோட்டு வாங்கியவரும் இன்னொரு பழங்குடி அபேட்சகரான சூரி தோராவே. ஆகவே பொது இடமும் அவருக்கே. கிரி வழக்குத் தொடர்ந்தார். பொது இடம் என்றால் எல்லாருக்கும் பொது, பழங்குடியினருக்கும் பொது என்று 1959இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது. பின்னாளில் ராஷ்டிரபதி ஆன கிரிக்கு அன்று லோக் சபையில் இடமில்லை.

ஒதுக்கிய இடத்தில் தாழ்த்தப்பட்டவர் உட்காருவதைச் சகித்துக்கொண்டவர்கள் பலருக்கு, பொது இடத்திலும் அத்தகையவர் வந்து உட்காரலாம் என்பது நெருடியது. 1961இல் இரட்டைத் தொகுதிகளை ஒழிக்கும் சட்டம் வந்தது. பெரிய பரப்பு, பெரிய செலவு என்று சொல்லப்பட்ட காரணங்களில் உண்மை இருந்தது. அதற்குப் பின்னால் இந்த நெருடலும் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அதன்பின் எல்லாம் ஒற்றைத் தொகுதியே. ஆனால் சில முழுவதும் பொது, சில முழுவதும் தனி. 1967இல் தென்காசி தனித் தொகுதி. அந்த ஆண்டுத் தேர்தலில் தி.மு.க. புயலாக அடித்தது. தமிழ்நாட்டின் 39 இடங்களில் காங்கிரசுக்கு மிஞ்சியவை மூன்றே. அந்த மூன்றில் ஒன்று தென்காசி. வென்றவர், நான் நினைவில் வைக்கச் சொன்ன அதே ஆர். எஸ். ஆறுமுகம். இரட்டைத் தொகுதியில் தேவருக்குப் பக்கத்து இடத்தில் இருந்தவர், பத்து ஆண்டுகள் கழித்துத் தொகுதி முழுவதற்கும் ஒரே பிரதிநிதியாக வந்து அமர்ந்தார். சங்கரநயினார்கோயில் தர முடியாமல் போன நாற்காலியைத் தென்காசி தந்தது.

தென்காசி இன்றும் தனித் தொகுதியே. காங்கிரஸ் சார்பிலும் பிறகு 1996இல் தமிழ் மாநில காங்கிரஸ் சார்பிலும் எம். அருணாசலம் தொடர்ந்து ஆறு முறை அங்கே வென்றார். 2004லும் 2009லும் கம்யூனிஸ்டுக் கட்சி வென்றது. 2014இல் அ.தி.மு.க.வின் வசந்தி முருகேசன் வந்தபோதுதான் ஒரு பெண் முதன்முதலாக அந்த இடத்துக்கு வந்தார். 2024இல் தி.மு.க.வின் ராணி ஸ்ரீகுமார் வந்தார். 2008ஆம் ஆண்டு எல்லைச் சீரமைப்பில் ஸ்ரீவில்லிபுத்தூரும் தென்காசிக்குள் அடங்கிவிட்டது. காமராஜையும் தேவரையும் டில்லிக்கு அனுப்பிய தொகுதியின் பெயரும் இப்போது டில்லியில் இல்லை.

ஒரே நாற்காலி என்றால் ஒருவர் அமர, மற்றவர் நிற்கத்தான் வேண்டும். 1952இல் நின்றவர்கள் ஒரு சாரார். இன்று தென்காசியில் மற்ற சாதியார் பார்லிமெண்டுக்குப் போட்டியிட முடியாதே என்று குறைப்படுவோர் உண்டு. அவர்கள் குறையைப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் குறையைச் சில தலைமுறைகள் அல்ல, பல நூறு ஆண்டுகள் வாய் திறவாமல் சுமந்தவர்கள் அதே ஊர்களில் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1952இல் திருவேங்கடத்தில் முதல் வோட்டுப் போட்ட ஒரு பெண்மணியை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் பிறந்த ஊரை விட்டு நகரவே இல்லை. அவள் தாலுகா மாறியது. 2019இல் திருநெல்வேலி போய்த் தென்காசி அவளுக்கு ஜில்லா ஆயிற்று. அவள் முதலில் வோட்டுப் போட்ட தொகுதி செத்தே போயிற்று. கோடு போட்டவர்கள் மேஜைக்கு முன்னால் இருந்துகொண்டு போட்டார்கள், அவளைக் கேட்கவில்லை. கேட்காமல் அவர்களால் மாற்ற முடியாமற் போனது ஒன்றுதான்: அவள் கையில் இருந்த அந்த ஒற்றைச் சீட்டு.