பெல்மதுளையிலிருந்து புறப்படும் தெய்வம்

ஆண்டில் பாதி நாள் அந்தச் சிலை பெல்மதுளையில்தான் இருக்கிறது. கல்பொத்தாவல ரஜமகா விகாரையில் புனிதப் பேழையோடும் ஆபரணங்களோடும் சமன் தெய்வத்தின் திருவுருவத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். டிசம்பரில் உந்துவப் போயா நெருங்கியதும் அது ஊர்வலமாகப் புறப்படும். இரத்தினபுரி, பலாபத்தல வழியாக ஒரு பாதை. குருவிட்ட, எரத்ன வழியாக இன்னொன்று. தேயிலைத் தோட்டங்களின் நடுவே அட்டன், நல்லதண்ணி வழியாக மற்றொன்று. 2,243 மீற்றர் உயரத்திலுள்ள சிவனொளிபாதமலை உச்சியில் சிலையை அமர்த்தியதும் யாத்திரைக் காலம் தொடங்கும். வெசாக் போயாவோடு அது முடிய, தெய்வம் மறுபடி பெல்மதுளைக்கு இறங்கி வரும்.

வெள்ளை யானையை வாகனமாகக் கொண்ட சமன், இந்த மலையின் காவல் தெய்வம். புத்தர் வந்தபோது அவரை வணங்கித் தலைமயிரைப் பெற்றுக்கொண்ட மகாசுமனன் என்று மகாவம்சம் இவரைச் சொல்கிறது. அந்தக் கதையின்படியே பார்த்தாலும், புத்தர் வருவதற்கு முன்பே மலைக்கு ஒரு தெய்வம் இருந்தது. அதைக் கும்பிட மனிதர்களும் இருந்திருப்பார்கள்.

அவர்கள் யார்? அதே நூலில் இயக்கர் குலப் பெண் குவேனியின் கதை வருகிறது. இந்தியாவிலிருந்து வந்து கரையிறங்கிய இளவரசன் விஜயனுக்கு நாட்டைப் பிடித்துக் கொடுத்தவள் அவள். மதுரையிலிருந்து பாண்டிய இளவரசி வரப்போகிறாள் என்றதும் விஜயன் குவேனியைத் துரத்திவிட்டான். அவள் கொல்லப்பட்ட பிறகு, மகனும் மகளும் தப்பி ஓடிய இடம் சுமனகூடம், அதாவது இதே மலை. அவர்களின் வழிவந்தவர்களே புலிந்தர் என்கிறது மகாவம்சம். இன்றைய வேடர்களைக் குவேனியின் வழித்தோன்றல்களாகச் சொல்லும் மரபு இங்கிருந்து வருகிறது. இது வரலாறா புராணமா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். இந்த மண்ணின் ஆதிக்குடி துரத்தப்பட்ட கதையை, துரத்தியவர்களின் நூலே எழுதி வைத்திருக்கிறது. மதுரை இளவரசிக்காகத்தான் அவள் துரத்தப்பட்டாள் என்பதால், தமிழர்களாகிய நாமும் அந்தக் கதைக்கு வெளியே நிற்க முடியாது.

மலையின் உரிமை பல தடவை கை மாறியது. 16ஆம் நூற்றாண்டில் சைவனாக மாறிய சீதாவாக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன் அதை ஆண்டிகளிடம் கொடுத்தான். 18ஆம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் பிக்குகளிடம் திருப்பிக் கொடுத்தான். உச்சியிலுள்ள பாதச் சுவடு பௌத்தருக்குப் புத்தருடையது, சைவருக்குச் சிவனுடையது, முஸ்லிம்களுக்கு ஆதமுடையது. 1344இல் இபுனு பதூதா மலையேறி அதைத் தரிசித்தார். போர்த்துக்கேயரில் சிலர் அதைப் புனித தோமையாருடையது என்றனர்.

ஆனால் கிறிஸ்தவம் இந்த மலை இருக்கும் சப்ரகமுவைக்கு யாத்திரிகனாக மட்டும் வரவில்லை, வாளோடும் வந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் இரத்தினபுரியிலிருந்த மகா சமன் தேவாலயத்தைக் கைப்பற்றி இடித்து, அந்த இடத்தில் கோட்டை அமைத்தார்கள். அக்காலத்துக் கல் ஒன்று இன்றும் தேவாலயத்தில் இருக்கிறது. வாளேந்திய போர்த்துக்கேய வீரன் ஒருவன் கீழே விழுந்த சிங்கள வீரனை மிதித்து நிற்கும் சிற்பம் அது. மிதிப்பவன் சிமாவோ பின்யாவோ என்ற தளபதி என்பார்கள். பின்னர் தேவாலயம் மீண்டும் எழுந்தது. எழுப்பியவர்கள் அந்தக் கல்லை உடைக்கவில்லை. தங்கள் தோல்வியைக் காட்டும் சிற்பத்தைத் தங்கள் தெய்வத்தின் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் பெரிது. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடை செய்யப்பட்டது, குருமார் விரட்டப்பட்டார்கள். 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்து தமிழும் சிங்களமும் கற்ற யோசவ் வாஸ் அடிகளுக்குக் கடைசியில் கண்டி இராச்சியத்தில்தான் இடம் கிடைத்தது. பௌத்த மன்னனின் நிழலில், 1697இல் பரவிய பெரியம்மையின்போது, அவர் நோயாளிகளைச் சாதி மதம் பாராமல் கவனித்தார். கோயிலை இடித்த மதத்தின் குரு ஒருவர், கோயிலை இழந்த மக்களின் புண்ணைத் துடைத்தார். 2015 ஜனவரி 14இல் காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

சிலை போகும் பாதையில் பின்னர் இன்னொரு மக்கள் கூட்டமும் வந்து சேர்ந்தது. காட்டை அழித்துத் தேயிலையும் இறப்பரும் நட்ட தமிழ்த் தொழிலாளர்கள். அவர்களுள் சைவரும் உண்டு, கிறிஸ்தவரும் உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று கணக்குப் போட்டது. 1981 ஆகஸ்டில் தமிழருக்கு எதிரான வன்முறையில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் தொழிலாளர்களின் லயங்கள் எரிந்தன. உயிர் தப்பியவர்கள் கையில் கிடைத்ததோடு ஓடினார்கள். எஞ்சியிருந்தோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

வேடர்களின் கதியும் இதுதான். 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டதோடு, தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய காட்டுக்குள் அவர்கள் போவதே குற்றமானது. வாகரைக் கரையில் தமிழ் பேசும் வேடர்கள் வாழ்கிறார்கள். அவர்களுள் கிறிஸ்தவர்களும் உண்டு. மொழியும் மதமும் மாறியதால் அவர்கள் ஆதிக்குடி அல்லாதவர்களாகிவிட மாட்டார்கள்.

மலை எல்லோருக்கும் பொது என்று சொல்வது சுலபம். அந்தச் சொல் உண்மையாக வேண்டுமென்றால், மலைக்குப் போகும் வழியில் யார் மிதிபட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மகா சமன் தேவாலயம் அதைச் செய்திருக்கிறது. காயத்தை மறைக்காமல், அதே சமயம் இன்றைய கத்தோலிக்கனைப் பகைவனாக்காமல், அந்தக் கல்லை வைத்திருக்கிறது. எரிந்த லயங்களுக்கும் காடு இழந்த வேடர்களுக்கும் அப்படி ஒரு கல் இந்தப் பாதையில் இல்லை. அதை நடுவது அரசின் கடமை. விகாரையும் கோவிலும் கிறிஸ்தவ ஆலயமும் பள்ளிவாசலும் அந்தக் கடமையில் சேர்ந்துகொள்ள வேண்டும். தோட்டத்துக் குடும்பங்களுக்குக் காணி உறுதியும் வேடர்களுக்குக் காட்டுரிமையும் கிடைக்கும்போதுதான் அந்தக் கல்லுக்குப் பொருள் இருக்கும்.