பத்து நிமிட வேலியும் நாலு மணி நேரக் காணொளியும்

நாலு மணி நேரம் ஓடுற வீடியோவை யாருங்க உட்கார்ந்து பார்ப்பாங்க? கூட வேலை பார்க்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. எல்லாம் ரீல்ஸ் காலம், முப்பது நொடிக்கு மேல் எவனுக்கும் பொறுமை கிடையாது என்பது இப்போது கிட்டத்தட்டப் பழமொழி ஆகிவிட்டது.

ஆனால் நடப்பது வேறு மாதிரி இருக்கிறது. 2023 டிசம்பரில் ஹெச்பாமர்கை என்ற பெயரில் இயங்கும் பிரிட்டிஷ் யூட்டியூபர், மற்றவர் எழுத்தைத் திருடிக் காணொளி செய்பவர்களைப் பற்றி ஒரு படம் வெளியிட்டார். நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. 2024 மே மாதம் ஜென்னி நிக்கல்சன் என்ற அமெரிக்கப் பெண், டிஸ்னி நிறுவனம் 2022-இல் திறந்து 2023-இல் மூடிவிட்ட ஸ்டார் வார்ஸ் ஹோட்டலைப் பற்றிப் பேசினார். அதுவும் ஏறத்தாழ நான்கு மணி நேரம். கேமரா முன் உட்கார்ந்து, எண் போட்டு வரிசையாகப் பேசுகிறார், அவ்வளவுதான். இரண்டையும் பல லட்சம் பேர் பார்த்தார்கள்.

இது எப்படிச் சாத்தியமானது? ரசனை மாறிவிட்டது என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் இதன் வரலாற்றைக் கொஞ்சம் தோண்டினால், ரசனையோடு சில பொறியியல் முடிவுகளும் சில பணக் கணக்குகளும் சேர்ந்து வெளியே வருகின்றன. அவற்றைத்தான் இங்கே குறித்து வைக்கிறேன்.

யூட்டியூபுக்கு முன்னால்

காணொளிக் கட்டுரை என்ற வடிவம் இணையத்தில் பிறந்தது அல்ல. பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கர் 1957-இல் சைபீரியாவைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தார். அதில் ஒரு புகழ்பெற்ற இடம் உண்டு. யாகுட்ஸ்க் நகரத் தெருவில் ஒரு பேருந்து போகிறது, தொழிலாளர்கள் சாலை போடுகிறார்கள். இதே காட்சியை மூன்று தடவை காட்டுகிறார். முதல் தடவை சோவியத் ஆட்சியைப் புகழும் வர்ணனை, அடுத்தது வசைபாடும் வர்ணனை, மூன்றாவது நடுநிலை வர்ணனை. படம் ஒன்றுதான், பேச்சு மாறியதும் அர்த்தமே மாறிவிடுகிறது. விமர்சகர் ஆந்த்ரே பசான் மறு வருடமே இதைத் திரைப்பட வடிவில் எழுதப்பட்ட கட்டுரை என்று அடையாளம் காட்டினார். சாதாரண ஆவணப்படத்தில் படம் முன்னால் போகும், பேச்சு பின்னால் வரும். இங்கே சிந்தனை முன்னால் போகிறது, படம் அதற்குச் சாட்சி சொல்கிறது.

1972-இல் ஜான் பெர்ஜர் பிபிசியில் 'வேஸ் ஆஃப் சீயிங்' என்று அரை மணி நேரப் பகுதிகளாக நான்கு செய்தார். ஐரோப்பிய ஓவியங்களை எப்படிப் பார்க்கிறோம், யார் கண்ணால் பார்க்கிறோம் என்பதுதான் பொருள். இன்றைய யூட்டியூபர்கள் நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசுவதை இதில் ஏற்கெனவே பார்க்கலாம். ஒரு வித்தியாசம், பெர்ஜருக்குப் பின்னால் ஒரு ஒளிபரப்பு நிறுவனம் இருந்தது. தனி மனிதனுக்கு அந்த வசதி வர இன்னும் முப்பது வருடத்துக்கு மேல் ஆனது.

பத்து நிமிட வேலி

2005 ஏப்ரல் 23 அன்று யூட்டியூபில் ஏறிய முதல் காணொளி 19 நொடி. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜாவேத் கரீம், சான் டியேகோ மிருகக்காட்சி சாலையில் யானைகளுக்கு முன் நின்று பேசுவார். ஆரம்பத்தில் கால வரம்பு இல்லை. ஆனால் நீளமாக ஏறியவற்றில் பெரும்பாலானவை தொலைக்காட்சித் தொடர்கள், திரைப்படங்களின் திருட்டுப் பிரதிகள். அதனால் 2006 மார்ச்சில் பத்து நிமிட வரம்பு கொண்டுவந்தார்கள். திருடனுக்குப் போட்ட வேலி, ஆனால் உள்ளே மாட்டியது கட்டுரை எழுதுகிறவனும்தான்.

அப்படி மாட்டியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ரெட் லெட்டர் மீடியா குழுவைச் சேர்ந்த மைக் ஸ்டோக்லாசா. 'ஸ்டார் வார்ஸ்: தி ஃபேன்டம் மெனஸ்' படம் ஏன் தோற்றது என்று 2009 டிசம்பரில் ஒரு விமர்சனம் போட்டார். படத்தை விமர்சிக்க எழுபது நிமிடம்! வரம்பு காரணமாக ஏழு துண்டாக வெட்டித்தான் ஏற்ற முடிந்தது. ஒரு துண்டு முடிந்ததும் அடுத்ததை நாமே தேடிச் சொடுக்க வேண்டும். அப்படியும் ஜனங்கள் ஏழையும் தேடிப் பார்த்தார்கள்.

என் பார்வையில் இந்தக் கதையின் முக்கியமான சாட்சியம் இதுதான். அல்காரிதம் தள்ளிவிடவில்லை, தளம் உதவவில்லை, சொல்லப்போனால் தடையே போட்டது. ஆனாலும் நீளமாகப் பேசுவதைக் கேட்க ஆட்கள் இருந்தார்கள். பிறகு 2010 ஜூலையில் வரம்பு 15 நிமிடம் ஆனது. அதே வருடம் டிசம்பரில், விதி மீறாத பயனர்களுக்கு வரம்பையே எடுக்க ஆரம்பித்தார்கள்.

எதை அளக்கிறோம்?

வேலியை எடுத்தது மட்டும் போதாது. அப்போது யூட்டியூப் எதைப் பரிந்துரைப்பது என்று முடிவு செய்ய முக்கியமாகச் சொடுக்குகளைத்தான் எண்ணியது. விளைவு நமக்குத் தெரியும். கவர்ச்சியான முகப்புப் படம், உள்ளே ஒன்றுமில்லாத சரக்கு. பார்ப்பவர் பத்து நொடியில் ஓடிப்போனாலும் கணக்கில் ஒரு பார்வை ஏறிவிடும்.

2011-இல் அங்கே தேடல் பிரிவில் இருந்த பொறியாளர் கிறிஸ்டோஸ் குட்ரோ, பார்வை நேரத்தை மட்டுமே அளக்க வேண்டும் என்று மேலிடத்துக்கு மின்னஞ்சல் எழுதினார். ஜான் டோர் எழுதிய 'மெஷர் வாட் மேட்டர்ஸ்' என்ற மேலாண்மை நூலில் இந்தக் கதை விவரமாக இருக்கிறது. குட்ரோ கேட்டது ஒரு எளிய கேள்வி. ஒருவர் 'போ டை கட்டுவது எப்படி' என்று தேடுகிறார். ஒரு நிமிடத்தில் சட்டென்று சொல்லிக் கொடுக்கும் வீடியோ ஒன்று. பத்து நிமிடம் சிரிக்க வைத்து, நடுவில் கட்டவும் கற்றுக்கொடுத்தும் கொடுக்காமலும் போகும் வீடியோ ஒன்று. எதை முதலில் காட்டுவீர்கள்? கூகுள் தேடல்காரர்கள் முதலாவதைச் சொன்னார்கள். குட்ரோ இரண்டாவதைச் சொன்னார். ஆட்கள் விருப்பப்பட்டு எங்கே தங்குகிறார்களோ அதைக் காட்டு என்பது அவர் வாதம்.

2012-இல் யூட்டியூப் அந்தப் பக்கம் திரும்பியது. 2016-இல் அவர்களுடைய பரிந்துரை அமைப்பைப் பற்றி வந்த ஆய்வுக் கட்டுரை இதைக் கணித வடிவில் சொல்கிறது. முதலில் லட்சக்கணக்கான காணொளிகளிலிருந்து சில நூறைப் பொறுக்குவது, பிறகு அந்தச் சில நூறை வரிசைப்படுத்துவது. வரிசைப்படுத்தும்போது 'சொடுக்குவாரா' என்று மட்டும் கணிக்கவில்லை, 'எவ்வளவு நேரம் பார்ப்பார்' என்று கணிக்கிறார்கள்.

நம்ம ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பத்து நிமிட வீடியோவில் சராசரியாக 60 சதவீதம் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம், 6 நிமிடம். இரண்டு மணி நேர வீடியோவில் பாதிகூட இல்லை, 40 சதவீதம்தான் பார்க்கிறார்கள் என்று வைப்போம், 48 நிமிடம். ஒரு சொடுக்குக்கு எட்டு மடங்கு. கட்டுரை வடிவத்தை வளர்க்கும் எண்ணம் அந்தப் பொறியாளர்களுக்கு இருந்திருக்கவே வேண்டியதில்லை. அளவுகோலை மாற்றினார்கள், அந்த அளவுகோலுக்குள் நீளமான பேச்சுக்கு இடம் கிடைத்துவிட்டது.

ஆனால் இதே அளவுகோல் வெறும் இழுவைக்கும் இடம் கொடுத்தது. ஐந்து நிமிடச் சரக்கைப் பத்து நிமிடத்துக்கு நீட்டும் வித்தை அப்போது எல்லா மொழியிலும் பரவியது. நடுவில் விளம்பரம் போட வீடியோ பத்து நிமிடமாவது இருக்க வேண்டும் என்ற விதியும் ஒரு காரணம் (2020 ஜூலையில் இது எட்டு நிமிடம் ஆனது). நேரத்தை அளக்கலாம், கனத்தை அளக்க முடியாது என்பது பிற்பாடு அவர்களுக்கே புரிந்தது. பார்த்து முடித்தவர்களிடம் நட்சத்திர மதிப்பெண் கேட்டு, நாலோ ஐந்தோ கொடுத்தால்தான் அது மதிப்புள்ள பார்வை நேரம் என்று எடுத்துக்கொள்வதாக 2021-இல் குட்ரோவே எழுதினார்.

காசு எங்கிருந்து வந்தது?

மூன்று மாதம் உழைத்து ஒரு காணொளி செய்பவன் சாப்பிட வேண்டாமா? விளம்பர வருமானம் தினமும் ஒன்று போடுகிறவனுக்குத்தான் ஒத்துவரும். ஜாக் கான்டி என்ற இசைக்கலைஞர் பெரும் செலவு செய்து ஒரு இசைக் காணொளி எடுத்தார். யூட்டியூப் விளம்பரத்தில் அந்தச் செலவில் சிறு பங்குகூடத் திரும்ப வராது என்று தெரிந்ததும், நண்பர் சாம் யாமுடன் சேர்ந்து 2013-இல் பேட்ரியான் தளத்தைத் தொடங்கினார். ரசிகர்களே நேரடியாகச் சந்தா கட்டுவது. ஆயிரம் பேர் மாதம் சில டாலர் கொடுத்தால் போதும், வருடத்துக்கு மூன்று காணொளி போட்டும் பிழைக்கலாம். நீளக் கட்டுரைக்காரர்களில் பலர் இதை நம்பித்தான் நிற்கிறார்கள்.

'ஆகவே'யும் 'ஆனால்'களும்

இதுவரை சொன்னதெல்லாம் கதவு எப்படித் திறந்தது என்பது. உள்ளே வந்தவர்களில் சிலர் மட்டும் நின்றது ஏன்?

2014-இல் டோனி ஜோ, டெய்லர் ராமோஸ் இருவரும் 'எவ்ரி ஃப்ரேம் எ பெயின்டிங்' என்ற சேனலைத் தொடங்கினார்கள். 2016 வரை 28 காணொளிகள். பெரும்பாலானவை பத்து நிமிடத்துக்கு உள்ளேதான். திரைப்படக் கட்டுரை என்றால் இன்றும் இதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். ஆகவே நீளம் வெற்றிக்குக் காரணம் என்று சொன்னால் இந்த ஒரு சேனலே அதைப் பொய்யாக்கிவிடும்.

ஆர்சன் வெல்ஸின் 1973-ஆம் வருடப் படம் 'எஃப் ஃபார் ஃபேக்' பற்றிய காணொளியில் டோனி ஜோ தன் தொழில் ரகசியத்தையே சொல்லிவிட்டார். 'சவுத் பார்க்' தொடரின் ட்ரே பார்க்கர் சொன்ன விதி அது. இரண்டு காட்சிகளுக்கு நடுவில் 'அப்புறம்' என்ற சொல் வந்தால் கதை செத்தது, 'ஆகவே' அல்லது 'ஆனால்' வர வேண்டும். வெல்ஸ் இன்னொன்றும் செய்கிறார். ஓவியப் போலி தயாரித்த எல்மிர் டி ஹோரியின் கதை, அவர் வாழ்க்கையை எழுதிய பிறகு ஹோவர்ட் ஹியூஸின் பெயரில் போலிச் சுயசரிதை தயாரித்த கிளிஃபர்ட் இர்விங்கின் கதை. ஒன்று சூடு பிடிக்கும்போது நிறுத்திவிட்டு மற்றதற்குத் தாவுகிறார். பார்ப்பவன் இரண்டு பாக்கிகளை மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

இந்த விதியை நீளமான வேலைகளுக்குப் பொருத்திப் பாருங்கள். டான் ஆல்சன் 2022 ஜனவரியில் என்எஃப்டி பற்றி இரண்டு மணி நேரத்துக்கு மேல் பேசினார். ஆரம்பம் 2008 நிதி நெருக்கடி. வங்கிகள் ஏமாற்றின, ஆகவே வங்கியில்லாத பணம் வேண்டும் என்றார்கள். ஆனால் அதை வாங்கியவர்கள் செலவழிக்கவில்லை, பதுக்கினார்கள். ஆகவே விலையேற அடுத்த ஏமாளி தேவைப்பட்டான். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை உருவினால் அடுத்தது புரியாது. அங்கே இரண்டு மணி நேரம் வாதத்தின் நீளம். சுருக்கிச் சொன்னால் முடிவு மட்டும்தான் மிஞ்சும், நம்புவதற்குக் காரணம் மிஞ்சாது.

கணக்குப் பாடத்தில் விடை மட்டும் எழுதினால் மார்க் கிடையாது, படிப்படியாக எழுத வேண்டும் என்பார்களே, அதுதான் இது.

யாருடைய உழைப்பு?

ஹெச்பாமர்கையின் அந்தக் காணொளி எனக்கு இன்னொரு காரணத்துக்காக முக்கியம். நீளக் காணொளிக்குச் சந்தை உருவானதும், மாதக்கணக்கில் படிக்காமலே நீளமாகப் பேசச் சிலர் குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். மற்றவர்களின் கட்டுரையையும் புத்தகத்தையும் பெயர் சொல்லாமல் அப்படியே வாசிப்பது. அவர் மூலத்தையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாகக் காட்டினார். காணொளியில் வரும் பணத்தைத் திருட்டுக்கு ஆளான எழுத்தாளர்களுக்குக் கொடுப்பதாகவும் அறிவித்தார். நான்கு மணி நேரம் ஏன் என்றால், குற்றச்சாட்டு பெரிது, ஆதாரம் அத்தனையையும் மேசையில் வைக்க வேண்டும்.

இந்த வலி எனக்கும் தெரியும். சில வருடம் முன் நான் எழுதிய ஒரு ஏரிக் கல்வெட்டுக் குறிப்பு, என் வாக்கிய அமைப்போடு சேர்த்து, ஒரு சேனலில் பின்னணி இசையோடு ஒலித்தது. பெயர் சொல்லவில்லை என்பதைவிட எனக்கு உறுத்தியது வேறு. நான் 'இருக்கலாம்' என்று எழுதிய இடத்தையெல்லாம் அவர்கள் 'இருந்தது' என்று மாற்றியிருந்தார்கள். மூலம் எது என்று தெரியாததால் பார்த்தவர்கள் யாரும் அதைச் சரிபார்க்கவும் வழியில்லை. மூலத்தைச் சொல்வது எழுதியவனுக்குச் செய்யும் மரியாதை மட்டும் இல்லை, பார்ப்பவன் கையில் கொடுக்கும் திறவுகோல்.

மொத்தத்தில் இந்த வரலாறு எனக்குச் சொல்வது இவ்வளவு. 2010-இல் வேலி விலகியதும், 2012-இன் அளவுகோலும், 2013-இன் சந்தாவும் நீளமாகப் பேச வாய்ப்பை உண்டாக்கின. அந்த வாய்ப்பு நல்லதுக்கும் இழுவைக்கும் திருட்டுக்கும் சமமாகத்தான் திறந்திருந்தது. கேட்பவனை உட்கார வைத்தது அந்த 'ஆகவே'யும் 'ஆனால்'களும், அவற்றுக்குப் பின்னால் ஒருவர் செலவழித்த மாதங்களும். வரலாறு, தொல்லியல் பற்றித் தமிழில் நீளக் காணொளி செய்ய நினைப்பவர்கள் கேமராவும் விளக்கும் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். முதலில் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு நூலகத்தில் போய் உட்காருங்கள். எத்தனை நிமிடம் பேச வேண்டும் என்பதை அங்கே கிடைக்கும் ஆதாரமே சொல்லிவிடும்.