மரத்துக்கும் தோலுக்கும் பிறந்த பிள்ளை

ராவன்ஸ்கிராக் கப்பல் 1879 ஆகஸ்டில் ஹோனலூலு வந்து சேர்ந்ததும், அதில் வந்த மதீராத் தீவுத் தச்சர்கள் நூனெஸ், டியாஸ், எஸ்பிரிட்டோ சாண்டோ மூவர் கையில் யூகுலேலே உருவானதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். 1915 சான்பிரான்சிஸ்கோ பொருட்காட்சியில் அது அமெரிக்காவைப் பிடித்து ஆட்டிய கட்டம்தான் இந்த வாரத்துக்குச் சொல்லியிருந்தது. அதற்கு முன் ஒரு சின்னப் பாக்கி. யூகுலேலேயையும் பேஞ்சோவையும் ஒன்றென்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

யூகுலேலே முழுக்க மரம். ஹவாய்க்காரர்கள் விரும்புவது கோவா மரம். நான்கு தந்திகள், அந்த நாளில் நரம்பு, இப்போது நைலான். பேஞ்சோவின் உடலே ஒரு பறை. வளையத்தின் மேல் தோல், அதை இழுத்துப் பிடிக்கச் சுற்றிலும் கொக்கிகள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் சுரைக்குடுக்கையில் செய்துகொண்ட கருவிதான் அதன் மூதாதை. மரம் ஒலியை இதமாகத் தரும். தோலில் அது பளீரென்று தெறித்துச் சட்டென்று அடங்கும். ஓர் ஒற்றுமையும் உண்டு. கட்டைவிரல் பக்கத் தந்தி கிதாரில் மந்தரம் பேசும்; இவை இரண்டிலும் உச்சத்தில் ஒலிக்கும். ஐந்து தந்திப் பேஞ்சோவில் அந்தத் தந்தி குட்டையானது, கழுத்தின் நடுவழியில்தான் தொடங்கும்.

இனி கலப்புகள். மாண்டலினின் எட்டுத் தந்தியைத் தோல்மேல் ஏற்றினார்கள். கிதாரின் ஆறு தந்தியையும் ஏற்றினார்கள். லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ‘ஹாட் ஃபைவ்’ குழுவில் ஜானி செயிண்ட் சிர் வாசித்தது அதைத்தான். யூகுலேலேயின் கழுத்தைக் குட்டிப் பேஞ்சோ உடலில் பொருத்தினால் பேஞ்சோலேலே. விரல் பிடிப்பெல்லாம் யூகுலேலேயினுடையது, சத்தம் பேஞ்சோவினுடையது. ஒலிபெருக்கி இல்லாத அரங்கில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமே! ஹவாயில் பிறந்த ஆல்வின் கீச் இதை லண்டனில் பரப்பினார். எழுத்தாளர் வுட்ஹவுஸின் 1934 நாவல் ஒன்றில் பெர்ட்டி வூஸ்டர் இதைக் கற்றுக்கொள்ளப் போக, தாங்காமல் அவருடைய பணியாள் ஜீவ்ஸ் வேலையையே விட்டுவிடுகிறார். கனவான்களின் காதுக்கு அவ்வளவு நாராசம்.

அந்த நாராசத்தை வைத்தே பிரிட்டனைக் கட்டி ஆண்டவர் ஜார்ஜ் ஃபார்ம்பி. 1904இல் விகன் ஊரில் பிறந்தவர். குதிரைப் பந்தய ஜாக்கியாகச் சேர்ந்த பையன், மேடை நகைச்சுவையில் கொடிகட்டிப் பறந்த தந்தை 1921இல் இறந்ததும் அவருடைய இடத்துக்கு வந்தான். இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. ஒரே கருவியில் சுருதி மாற்றி வாசிக்கவும் வராது; வெவ்வேறு சுருதிக்குக் கூட்டிய பேஞ்சோலேலேக்களை வைத்துக்கொண்டு பாட்டுக்கு ஏற்றதை எடுப்பார். வித்வான்கள் சிரிக்கலாம். அவருடைய வலது கையின் ‘ஸ்ப்ளிட் ஸ்ட்ரோக்’ வீச்சைக் கேட்டுவிட்டுச் சிரிக்கட்டும். தாளம் எதிர்பாராத இடத்தில் விழுந்து, மறுகணமே நேராகிவிடும். பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசனே அவருக்குப் பரம ரசிகர். ஜன்னல் துடைப்பவனைப் பற்றிய ஃபார்ம்பியின் பாட்டு ஆபாசம் என்று பிபிசி ஒதுக்கியபோது தோற்றது பிபிசிதான். ஜனங்கள் சினிமாக் கொட்டகைக்குப் போய்க் கேட்டார்கள்.

மனைவி பெரில் மரக்காலணி நடனத்தில் தேர்ந்தவர். கணவரின் ஒப்பந்தம், பணம் எல்லாம் அவர் பிடியில். மகா கெடுபிடி என்று திரையுலகமே திட்டியது. 1946இல் தம்பதி தென்னாப்பிரிக்கா போனார்கள். வெள்ளையர், கறுப்பர் என்று பிரித்து உட்காரவைக்கும் அரங்குகளில் வாசிக்க மாட்டோம் என்றார்கள். பூர்விகம் ஆப்பிரிக்காவாக உள்ள தோல்கருவியை அந்த மண்ணில் வேறெப்படி வாசிப்பது? கறுப்பினக் குழந்தை ஒன்றை மேடையில் அணைத்துக்கொண்டதற்காக, தேசியக் கட்சித் தலைவர் மாலன் தொலைபேசியில் கண்டித்தார். பெரில் கொடுத்த பதிலை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது. இரண்டு வருடத்தில் பிரதமராகி இனவெறியைச் சட்டமாக்கத் தொடங்கியவருக்கு அது குறைவான வசவுதான்.

1915 பொருட்காட்சிக்கு இந்த இதழில் இடமில்லை. அடுத்த வாரம் நேராகச் சான்பிரான்சிஸ்கோ போய்விடலாம்.

(தொடரும்)