உச்சிக்குழி

என் அம்மிச்சி ராசிபுரத்துக்காரி. பிள்ளையைக் குளிப்பாட்டித் துவட்டியதும் விளக்கெண்ணெயை உள்ளங்கையில் சூடேறத் தேய்த்து உச்சிக்குழியில் வைப்பாள். குழி அமுங்கிக் கிடந்தால், "பிள்ளைக்குத் தண்ணி வத்திப்போச்சு" என்பாள். ஒன்றரை வயதுவாக்கில் எலும்பு சேர்ந்து மூடிக்கொள்ளும் இடம் அது.

ஸ்கேனின் ஒலியலை எலும்பைத் தாண்டத் திணறும். உச்சிக்குழியிலோ எலும்பே இல்லை. அங்கே ஸ்கேன் கருவியை வைத்தால் மூளை தெரியும் என்று 1970களின் கடைசியில் மேல்நாட்டு மருத்துவர்கள் கண்டுகொண்டார்கள். குறைமாதப் பிள்ளைகளின் மூளைக்குள் ரத்தம் கசிவதை, மண்டையைத் திறக்காமலே பார்க்க முடிந்தது.

1989இல் நான் சேலத்தில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தபோது ஸ்கேன் அறை வாசலில் கூட்டம் நெரியும். தலையைப் பார்க்க வந்த கூட்டமல்ல. "ஏனுங் சிஸ்டர், பையனுங்களா, பொட்டப்புள்ளைங்களா?" இது ஒன்றுதான் கேள்வி. பெண் சிசுவைக் கொல்லாமல் அரசிடம் ஒப்படைக்கச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் எங்கள் மாவட்டத்தில்தான் தொடங்கியது. அதில் பெருமைப்பட ஏதுமில்லை. கருவின் பாலினத்தைச் சொல்லக் கூடாது என்ற சட்டம் 1996 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. சுவரில் போர்டு ஏறியது. போர்டுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டே கண்ஜாடையில் சொன்னவர்களும் உண்டு. 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைகள் 1000 பேருக்குப் பெண் பிள்ளைகள் 851 பேர்.

பச்சைப் பிள்ளையின் மூளையை நான் முதலில் பார்த்தது இத்தனைக்கும் பிறகுதான். கொல்லிமலை அடிவாரத்திலிருந்து வந்த பெண் குழந்தை, முப்பதாவது வாரத்திலேயே பிறந்துவிட்டது. டாக்டரம்மா ஜெல்லை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினார்; அம்மிச்சியின் ஞாபகம் வந்தது. திரையில் நீர் நிறைந்த அறைகள் கறுப்பாக, ஒடுங்கலாக. மடிப்புகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக. கசிவு இல்லை.  அதுவரை நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

2024 டிசம்பரில் சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 'தரணி'யை வெளியிட்டது. இறந்த கருக்களின் மூளையை மெல்லிய சீவல்களாக்கி, செல் தெரியுமளவு எடுத்த 5132 படங்கள். 14 முதல் 24 வாரம் வரையிலான கருக்கள். எங்கள் ஊர் ஸ்கேன் அறைகளில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டதும் அதே வாரங்களில்தான்.

போன மாதம் என் மகளுக்கு இருபதாவது வார ஸ்கேன். தலைச்சுற்றளவு, சிறுமூளையின் அகலம் என்று மில்லிமீட்டர் கணக்கில் ரிப்போர்ட். சம்பந்தியம்மா என்னைத் தனியே அழைத்து, குரலைத் தாழ்த்தினார்: "ஏனுங் சம்பந்தி, இதுல வேறெதும் போட்டிருக்குதுங்களா?"